ஒன்பதில் முதல் டிஸ்க்

காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கிற அந்த ஸ்கேன் சென்டரில் சேவுகப்பெருமாளுக்கு என்ன வேலை என்று கேட்டால், அங்கே வேலை பார்க்கிறவர்களே கொஞ்சம் முழிப்பார்கள். அவன் படம் எடுக்கிறவன் இல்லை. ரிப்போர்ட் அடிக்கிறவனும் இல்லை. டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தால் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், முகம் அப்படி. "உள்ரூம்ல ஒரு அண்ணன் இருப்பாரு, கம்ப்யூட்டர் பாப்பாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பதின்மூன்று வருடமாக அவன் பார்த்த வேலை, எடுத்த படம் எதுவும் தொலைந்துபோகாமல் காப்பது. ஒரு படமும் தொலையவில்லை என்றுதான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

தச்சு வேலைக் குடும்பத்துப் பிள்ளை. உளி அவன் கைக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தான். அங்கே மற்ற பிள்ளைகள் நல்ல மெஷின்களைப் பிடித்துக்கொள்ள, இவனுக்கு மிஞ்சியது லினக்ஸ் போட்ட ஒரு கிழட்டு மெஷின். கறுப்புத் திரையும் அதில் கண் சிமிட்டுகிற வெள்ளைக் கோடும்தான் அதில் உண்டு. அதுவே அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு மவுஸைத் தொடுவதென்றால் அவனுக்கு ஏதோ அடுத்தவர் செருப்பை மாட்டுகிற மாதிரி. கல்யாணப் பத்திரிகையைக்கூட கமாண்ட் அடித்துத்தான் அச்செடுத்தான் என்று அவன் மனைவி அகல்யா சொல்லிச் சிரிப்பாள்.

சென்டர் டாக்டருக்கு ஹார்ட் டிஸ்க் என்றாலே ஆகாது. சேவுகப்பெருமாள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோய், மூன்று வாரப் படங்கள் அதோடு போய்விட்டன. அதனால், சர்வரில் இடம் நிறைய நிறையப் பழைய மாதங்களை டிவிடியில் ஏற்றிவிட்டு அங்கிருந்து நீக்கிவிட வேண்டும், டிவிடிதான் அழியாது என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்துப் படம் முப்பது நாற்பது ஜிபி வரும். ஒரு டிவிடியோ நாலரை ஜிபிகூடக் கொள்ளாது.

அதற்குத்தான் சேவுகப்பெருமாள் ஒரு கமாண்ட் எழுதி வைத்திருந்தான். ஒரே வரி. அந்த மாதத்து ஃபோல்டர் முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டும், அமுக்கும், டிஸ்க் கொள்ளும் அளவுக்கு வெட்டி வரிசையாக எண் போட்டு அடுக்கும். அடுத்த வரி ஒவ்வொரு துண்டாக டிஸ்கில் எரிக்கும். திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எரித்து முடித்ததும் டிஸ்கைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த டிஸ்கைக் கையில் எடுப்பான். எல்லாம் இரண்டு செட். ஒன்று சென்டர் அலமாரியில், இன்னொன்று அவன் வீட்டு பீரோவில். சென்டர் தீப்பிடித்தாலும் படம் பிழைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. இந்த அளவு கவனமான ஆளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"பெருமாள், ஒரே ஒரு பேஷண்டோட பழைய படம் மட்டும் வேணும்னா என்ன செய்வீங்க?"

"அந்த மாசத்து டிஸ்க் எல்லாத்தையும் வரிசையாப் போட்டு, ஒட்டவச்சு, மூட்டையப் பிரிச்சா வந்துரும் சார்."

"நடுவுல ஒண்ணு படிக்கலைன்னா?"

"ரெண்டு செட் இருக்குல்ல சார்."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மெஷினைப் பார்க்க வந்த சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரும் சொன்னார்: எல்லாரையும் சேர்த்துக் கட்டாதீர்கள், ஒவ்வொரு பேஷண்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள், அமுக்கின மூட்டையில் தலைப்பகுதி போனால் மிச்சம் இருப்பது எதற்கும் உதவாது என்று. சேவுகப்பெருமாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். மாதத்துக்கு நானூறு குட்டி மூட்டைகள் என்று நினைத்துப் பார்த்தாலே அவனுக்கு அசிங்கமாக இருந்தது. தன்னுடைய ஒரு வரி அவ்வளவு அழகாக ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டான். அவர் சொன்னபடி செய்திருக்கலாம். அந்த ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கிற செலவோடு முடிந்திருக்கும்.

பழைய படம் கேட்டு யாரும் வரவும் இல்லை. ஜனங்கள் ஃபிலிமைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்ப் பீரோவுக்கு மேலே போட்டுவிடுவார்கள். பதின்மூன்று வருடத்தில் எந்த மாதத்து மூட்டையையும் அவன் பிரித்ததே இல்லை.

டிஸ்குகள் அலமாரியை விட்டு வெளியே வருவது வருடத்துக்கு ஒரு நாள்தான், ஆயுத பூஜையன்று. சென்டரில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஸ்கேன் மெஷின், பிரிண்டர், பேட்டரி, டாக்டர் உட்காரும் நாற்காலி, எதுவும் தப்பாது. சேவுகப்பெருமாளுடைய ஆயுதம் டிஸ்க். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை முதல் வருடம் டிஸ்க் பெட்டிகளின் மூடியில்தான் வைத்தான். வழவழ பிளாஸ்டிக், சாயங்காலத்துக்குள் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வைத்த பொட்டு உதிர்வது அவனுக்கு உறுத்தியது. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மேலே இருக்கிற டிஸ்கின் நடு ஓட்டையைச் சுற்றிச் சந்தனத்தைத் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தான். மினுங்குகிற பக்கத்தில் விரல் படக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாதா? மாதத்தைப் பேனாவால் எழுதுகிற மேல்பக்கத்தில்தான் வைத்தான். எல்லாப் பெட்டியிலும் மேலே இருப்பது முதல் டிஸ்க். வீட்டுக்குப் போய் பீரோவில் இருந்த செட்டுக்கும் அதே மாதிரி வைப்பான். ஒன்றுக்கு வைத்துவிட்டு இன்னொன்றை மொட்டையாக விட முடியுமா என்ன?

சேவுகப்பெருமாளுக்கு ஒரே ஒரு அக்கா, சோலையம்மாள். ஆறு வயது மூத்தவள். கல்லலில் இருந்தாள். புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்படியில் இருபது வருடமாகச் சமைத்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலேறித் தம்பி வீட்டுக்கு வந்து, அகல்யா வைத்த குழம்பில் குறை கண்டுபிடித்து, அதையே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். தம்பி செய்கிற வேலை என்னவென்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஊரில் கேட்பவர்களிடம், "ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பூராம் அவன் கையிலதேன் இருக்கு" என்று சொல்லிவைத்திருந்தாள்.

2017 ஆகஸ்டில் அரியக்குடிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு யாரோ ஒருவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மணலில் சறுக்கி விழுந்தாள். விலாவில் வலி. தம்பிதான் கூட்டிவந்து சென்டரில் நெஞ்சு ஸ்கேன் எடுக்கவைத்தான். எலும்பு முறிவு இல்லை என்று ரிப்போர்ட். எலும்பைத் தவிர வேறெதைப் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. ஃபிலிமை வீட்டில் வைத்திருந்தாள். இரண்டு வருடம் கழித்து டிசம்பரில் சூரிய கிரகணம் வந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அதைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். கொடுத்ததைப் பெருமையாக வந்து சொல்லவும் செய்தாள்.

2024 ஆனி மாதம் அவளுக்கு இருமல் பிடித்தது, விடவில்லை. தம்பி திரும்பவும் ஸ்கேன் எடுக்கவைத்தான். வலது நுரையீரலின் மேல்பகுதியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. மதுரைக்குக் கூட்டிப் போனான். அங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். இது என்ன கட்டி என்று அதில் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஊர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முன்னாடி எப்பவாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்காங்களா?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தோம் சார்."

"அந்தப் படம் கிடைச்சா நல்லது. அப்பவே இதே அளவுல இருந்துச்சுன்னா பழைய தழும்பு, தொட வேண்டியதே இல்லை. அப்ப இல்லாம இப்ப வந்திருந்தா, காத்திருக்கக் கூடாது, எடுத்துடணும். ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க."

"இருக்கு சார்" என்றான் சேவுகப்பெருமாள். "ரெண்டு செட் இருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பதின்மூன்று வருடமாக யாரும் கேட்காத வேலையை ஒருத்தர் கேட்டுவிட்டார், அதுவும் அக்காவுக்காக. மேலூர் தாண்டியதும் அக்காவிடம், "ஒன் படம் எங்கிட்ட பத்திரமா இருக்கு, நீ பயப்படாத" என்றான். "நான் எதுக்குப் பயப்படுறேன்? நீதேன் இருக்கியேடா" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்தான். 2017 ஆகஸ்ட், ஒன்பது டிஸ்க். முதல் டிஸ்கைப் போட்டு வாசிக்கச் சொன்னான். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் பிழை என்று ஒரு வரி. அதற்குக் கீழே அதே வரி, இன்னும் ஒரு தடவை. டிரைவில் தூசி என்று நினைத்து அதைத் துடைத்தான். வேறு டிரைவ் மாட்டினான். இரண்டாவது டிஸ்கைப் போட்டுப் பார்த்தான், கடைசி வரை படித்தது. மூன்றாவதும் படித்தது. ஒன்பது வரைக்கும் போட்டான். ஏழு வருடம் கழித்தும் நேற்று எரித்த மாதிரி எட்டு டிஸ்கும் ஒரு எழுத்து பிசகாமல் வந்தன. முதல் டிஸ்க் மட்டும் வரவில்லை. அது வராமல் மற்ற எட்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூட்டையை எங்கே பிரிப்பது என்று சொல்கிற தலைப்பகுதி அதில்தான் இருந்தது.

வீட்டுக்கு ஓடினான். அகல்யா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல வாரீக?"

பீரோவைத் திறந்து, அவளுடைய பட்டுச்சேலைக்கு அடியில் இருந்த பெட்டியை எடுத்தான். அந்த முதல் டிஸ்கைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஏழு வருடச் சந்தனம் நடு ஓட்டையைச் சுற்றிக் காறைபோலத் தடித்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினான். அதற்குக் கீழே, டிஸ்குக்கு உள்ளே, ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு மூட்டம் பரவியிருந்தது. டிவிடி என்பது இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. வருடா வருடம் வைத்த பன்னீர்ச் சந்தனத்தின் ஈரம் ஓட்டை விளிம்பு வழியாக அந்த ஒட்டுக்குள் இறங்கியிருக்கிறது. டிஸ்கில் எழுத்து தொடங்குவது நடுவிலிருந்துதான். மூட்டையின் தலை இருந்த இடமும் அதுதான்.

சென்டருக்குத் திரும்பி வந்து மற்ற மாதங்களின் முதல் டிஸ்குகளைப் போட்டுப் பார்த்தான். பதினேழு போட்டான். பதினான்கு படிக்கவில்லை. மட்டமான டிஸ்குகளும் உண்டு, சரியாக ஒட்டாத தகடுகளும் உண்டு என்று யாராவது வாதம் செய்யலாம். அவனுக்கு வாதம் தேவைப்படவில்லை. பொட்டு வைக்காத ஒரு டிஸ்க்கூடக் கெடவில்லை.

அடுத்த பத்து நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. படிக்காத இடத்தைத் தாண்டித் தாண்டிப் படிக்கிற கமாண்டை நான்கு டிரைவில் மாற்றி மாற்றி ஓட்டினான். நூற்றில் ஒரு பங்கு வரும், அப்புறம் நின்றுவிடும். இரண்டு செட்டிலும் வந்ததைச் சேர்த்துப் பார்த்தான். இரண்டிலும் ஒரே இடம்தான் போயிருந்தது, பொட்டு ஒரே இடத்தில் வைத்ததால். சென்னையில் ஒரு கடைக்குக் கூரியரில் அனுப்பினான். முதல் பகுதி இல்லை, இல்லாததை எங்களால் உண்டாக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நம்ம பூஜ பண்ணுனதாலயா இப்படி ஆச்சு?" என்று அகல்யா ஒருநாள் கேட்டாள்.

"நீ யாருகிட்டயும் சொல்லாத" என்றான்.

அக்காவிடம், "டிஸ்க் படிக்க மாட்டேங்குது, பழசுல்ல" என்று மட்டும் சொன்னான். "போகுது விடு. மிசினுக்கு என்னா தெரியும், பாவம் நீயும் எம்புட்டுத்தேன் பாப்ப" என்றாள் அவள். மதுரை டாக்டர், இனிமேல் காத்திருக்க முடியாது என்று தேதி கொடுத்துவிட்டார். வலது நுரையீரலின் மேல் மடலை முழுசாக எடுக்க வேண்டும்.

ஆபரேஷன் நடந்த அன்று சேவுகப்பெருமாள் தியேட்டருக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்கா பிழைத்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தவன், நடுவில் ஒரு நேரம் வேறொன்றை வேண்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தான். அது புற்றாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். புற்றாக இருந்தால் எப்படியும் அறுத்துத்தான் இருப்பார்கள். டிஸ்க் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

எட்டாம் நாள் ரிசல்ட் வந்தது. புற்று இல்லை. எப்போதோ வந்து, அவளுக்கே தெரியாமல் ஆறிப்போன காசநோய்த் தழும்பு. பல வருடம் பழசு என்று டாக்டர் சொன்னார். சொந்தக்காரர்கள் போனில் அழுதார்கள், சிரித்தார்கள், குலசாமிக்குப் பொங்கல் வைக்க நாள் பார்த்தார்கள். வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அகல்யா சீனி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். மாமா முறைக்காரர் ஒருவர், "என்னடா மாப்ள, நல்ல சேதி சொல்றாக, நீ இடிவிழுந்த மாதிரி நிக்கிறியே" என்று அவன் முதுகில் தட்டினார். அவனும் சிரித்து வைத்தான்.

சோலையம்மாள் கல்லலுக்குத் திரும்பினாள். முன்னைப் போல இல்லை. தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை. தெருவில் பத்து வீடு தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு வாசலில் உட்கார வேண்டியிருந்தது. சத்துணவு அடுப்புப் புகைக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் லீவு போட்டுப் பார்த்தாள், பிறகு வேலையை விட்டுவிட்டாள். ரயிலேறி வருவதும் நின்றுபோனது. இப்போது சனிக்கிழமை தோறும் இவன்தான் கல்லலுக்குப் போனான். பார்க்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவள் ஒரே பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அறுத்துப் பாத்தாத்தேன் தெரியும்னுட்டாக. வேற வழியில்ல. அறுத்துப் பாத்து ஒண்ணுமில்லைன்னு ஆச்சு, நான் குடுத்துவச்சவ." வந்தவர்களும், ஆமா ஆத்தா, குடுத்துவச்சவதேன் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பது சேவுகப்பெருமாளால் ஆகவில்லை.

டிஸ்குகள் எப்படிக் கெட்டன என்பதைச் சென்டரில் டாக்டரிடம் முதலில் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, மிச்சம் இருக்கிற மாதங்களையாவது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் கட்டி வைக்கச் சொன்னார். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்காவிடமும் சொன்னான். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். சந்தனம் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். இன்ஜினியர் சொன்னதையும் தான் கேட்காததையும் சொன்னான். தியேட்டருக்கு வெளியே என்ன வேண்டிக்கொண்டான் என்பதை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லச் சொல்ல ஏதோ பாரம் இறங்குகிற மாதிரிதான் அவனுக்கு இருந்தது.

"அப்ப, அந்தப் பழைய படம் கெடச்சிருந்தா அறுத்திருக்க மாட்டாகளாடா?"

"மாட்டாகக்கா."

"இது அப்பவே இருந்துச்சா?"

"பல வருசம் பழசுன்னுதான சொன்னாக. இருந்திருக்கும். அந்தப் படத்துல தெரிஞ்சிருக்கும்."

அவள் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான்.

"எனக்கு ஏன்டா இதச் சொன்ன?"

"மனசு கேக்கலக்கா. ஒங்கிட்ட மறைச்சுக்கிட்டு உக்கார முடியல."

"ஒனக்கு மனசு கேக்கல. சரி" என்றாள் சோலையம்மாள். மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பேசினாள். "காலையில எந்திரிக்கிறப்ப நெஞ்ச அடைக்கும். வேற வழியில்லாமத்தேன் அறுத்தாக, தப்பிச்சுட்டம், அப்பிடின்னு நெனச்சுக்கிட்டுத்தேன் அடுப்படி வரைக்கும் நடப்பேன். இத்தன மாசமா அத ஒண்ண வச்சுக்கிட்டுத்தேன் நடந்தேன். நாளைக்கு நான் என்னத்த நெனச்சுக்கிட்டுடா எந்திரிக்க?"